உயர்கல்வியில் ஆண் ஆசிரியர்கள்: இந்தியாவும் ஜப்பானும்

இந்தியாவின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பாடம் நடத்தும் ஆண்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேர். ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் முழுநேர ஆசிரியர்களாக இருக்கும் ஆண்கள் சுமார் 1.4 லட்சம். நாடுகளை வரிசைப்படுத்திக் காட்டும் அட்டவணைகளில் இந்த இரண்டு எண்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். இந்தியாவில் ஆறரை மடங்கு அதிகம் என்று படித்துவிட்டு நாம் அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

ஆனால் இந்தியாவின் மக்கள்தொகை ஜப்பானைப் போல் பதினோரு மடங்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் ஜப்பானில் சுமார் 900 பேருக்கு ஓர் ஆண் ஆசிரியர், இந்தியாவில் சுமார் 1,550 பேருக்கு ஒருவர். பெரிய எண்ணை வைத்திருக்கும் நாடே பின்னால் நிற்கிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. மொத்த ஆசிரியர்களில் ஆண்களின் பங்கு இந்தியாவில் நூற்றுக்கு 57, ஜப்பானில் நூற்றுக்கு 73. ஒரே தகவலை மூன்று விதமாகக் கேட்டால் மூன்று விதமான பதில் வருகிறது. இவற்றில் எது நமக்கு உண்மையில் எதையாவது சொல்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த 57-க்கும் 73-க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்து, பாலினச் சமத்துவத்தில் இந்தியா ஜப்பானை முந்திவிட்டது என்று மகிழ்வதற்கு இடமில்லை. வித்தியாசம் பெரும்பாலும் அடித்தட்டில் இருக்கிறது. நிரந்தர வேலை, நல்ல சம்பளம், ஆய்வகம், முடிவெடுக்கும் நாற்காலி ஆகியவை இருக்கும் மேல்தட்டுக்குப் போனால் இரண்டு நாடுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

எண்ணுவது யார், எண்ணப்படுவது யார்

இந்தியாவுக்கான எண்கள் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பிலிருந்து வருகின்றன. மத்தியக் கல்வி அமைச்சகம் 2010-11 முதல் நடத்திவரும் கணக்கெடுப்பு இது. 2021-22-க்கான அறிக்கை 1,168 பல்கலைக்கழகங்கள், 45,473 கல்லூரிகள், 12,002 தனி நிறுவனங்கள் என்று பட்டியலிடுகிறது. மொத்த ஆசிரியர்கள் 15.98 லட்சம். அவர்களில் ஆண்கள் 56.6 விழுக்காடு. ஜப்பானில் கல்வி அமைச்சகம் ஒவ்வோர் ஆண்டும் மே முதல் தேதியைக் குறிப்புநாளாக வைத்து எல்லாப் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களிடமும் விவரம் வாங்குகிறது. யுனெஸ்கோவின் புள்ளிவிவர நிறுவனம் இவ்விரண்டையும் போன்ற தேசியக் கணக்குகளை வாங்கி, ஒரு பொதுவான கல்விநிலை வகைப்பாட்டில் அடுக்கி, உலக அட்டவணையாகத் தருகிறது.

அடுக்கும்போதே சிக்கல் தொடங்குகிறது. ஜப்பானில் உயர்கல்வி என்றால் நான்காண்டுப் பல்கலைக்கழகம் மட்டும் இல்லை. இரண்டாண்டுக் குறுங்கல்லூரிகள் உண்டு. அவற்றில் படிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆசிரியர்களிலும் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். ஐந்தாண்டுத் தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. அங்கே பெண் ஆசிரியர்கள் மிகச் சிலர். தொழிற்பயிற்சிக் கல்லூரிகள் வேறு. இவற்றில் எவை எவை சேர்க்கப்படுகின்றன என்பதைப் பொறுத்து ஆண்களின் பங்கு ஏறும், இறங்கும். இந்தியாவின் கணக்கிலும் பல்கலைக்கழகத் துறைகள், கலை அறிவியல் கல்லூரிகள், பி.எட். கல்லூரிகள், செவிலியர் நிறுவனங்கள், பாலிடெக்னிக்குகள் எல்லாம் ஒரே பட்டியலில் வருகின்றன. ஐ.ஐ.டி. ஒன்றின் இயற்பியல் பேராசிரியரும், மாவட்டத் தலைநகரிலுள்ள செவிலியர் பள்ளியின் டியூட்டரும் அந்தப் பட்டியலில் ஆளுக்கு ஒன்று.

ஆளுக்கு ஒன்று என்பதும் எப்போதும் உறுதியில்லை. இந்தியக் கணக்கெடுப்பு ஆசிரியர்களின் பெயர்வாரி விவரங்களையும் ஆதார் எண்ணையும் கேட்கத் தொடங்கிய பிறகு, 2018 தொடக்கத்தில், ஒருவரே பல நிறுவனங்களில் ஆசிரியராகக் காட்டப்பட்ட சுமார் 80,000 நேர்வுகள் தெரியவந்ததாக அன்றைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் அறிவித்தார். அதே காலத்தில் மொத்த எண்ணிக்கையே சரிந்தது. 2014-15-ல் 14.73 லட்சமாக இருந்த ஆசிரியர்கள் 2017-18-ல் 12.85 லட்சமாகக் குறைந்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் வேலையை விட்டுப் போயிருக்க முடியாது. அவர்களில் பலர் முதலிலிருந்தே தாளில் மட்டும் இருந்தவர்கள்.

நோய் அத்தோடு தீர்ந்துவிடவில்லை என்பதைத் தமிழ்நாடே காட்டியது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுபெற்ற பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்து, 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்ததை வெளியிட்டது. பல்கலைக்கழகமும் விசாரித்து, குளறுபடி அதைவிடப் பெரிது என்று ஒப்புக்கொண்டது. கல்லூரிக்கு அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரத்துக்கு இத்தனை மாணவருக்கு இத்தனை ஆசிரியர் என்ற விகிதம் வேண்டும். முனைவர் பட்டம் பெற்றவர்களின் பெயரும் சான்றிதழும் அந்த விகிதத்தை நிரப்பப் பயன்பட்டன. மாணவன் அந்த ஆசிரியரின் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டான். கல்விக் கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்த குடும்பத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி இது. புள்ளிவிவரப் பிழை என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

ஜப்பானின் எண்ணில் பொய் இல்லை. ஆனால் அதில் ஒரு பெரிய மறைவு இருக்கிறது. அங்கே கணக்கெடுப்பு ஆசிரியர்களை இரண்டாகப் பிரிக்கிறது: அந்தப் பல்கலைக்கழகத்தையே முதன்மைப் பணியாகக் கொண்டவர்கள், வேறிடத்திலிருந்து வந்து வகுப்பு எடுப்பவர்கள். முதல் வகையினர் சுமார் 1.9 லட்சம். மேலே சொன்ன 73 விழுக்காடு இவர்களைப் பற்றியது மட்டும்தான். இரண்டாவது வகையினரின் எண்ணிக்கையும் ஏறத்தாழ 2 லட்சம். இவர்களில் வேறு நல்ல வேலையில் இருந்துகொண்டு வாரம் ஒரு வகுப்பு எடுப்பவர்களும் உண்டு. நாலைந்து பல்கலைக்கழகங்களுக்கு ரயிலில் ஓடி ஓடி வகுப்பெடுத்து, வகுப்புக்கு இவ்வளவு என்று கிடைக்கும் பணத்தில் வாழ்பவர்களும் உண்டு. பிந்தியவர் ஒருவரே, வகுப்பெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தலையாகிறார். இந்த வகையில் பெண்களின் பங்கு முழுநேரப் பிரிவைவிடக் கூடுதல். ஆக, ஜப்பானில் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் ஆணாக இருக்கும் வாய்ப்பு 73 விழுக்காட்டைவிடக் குறைவு. நிரந்தரமாகச் சம்பளம் வாங்குபவர் ஆணாக இருக்கும் வாய்ப்புதான் 73.

அசையாத எண்

எண்ணும் முறையின் ஓட்டைகளைத் தெரிந்துகொண்டே இரு நாடுகளின் எண்களையும் ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் விழுக்காட்டையே பார்ப்பதால் இது கண்ணில் படுவதில்லை.

இந்தியாவில் 2014-15-ல் பெண் ஆசிரியர்கள் 5.69 லட்சம். 2021-22-ல் 6.94 லட்சம். ஏழு ஆண்டுகளில் 1.25 லட்சம் அதிகம். அதே காலத்தில் ஆண்கள்? தொடக்கத்தில் 9.04 லட்சம், முடிவிலும் 9.04 லட்சம். நடுவில் ஆதார் சரிபார்ப்பின்போது ஏழரை லட்சம்வரை இறங்கி, மீண்டும் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது. 100 ஆண்களுக்கு 63 பெண்கள் என்றிருந்த நிலை 77 ஆனதற்கு, கணக்குப்படி, ஆண்கள் குறைந்தது காரணம் இல்லை.

ஜப்பானிலும் இதே கதைதான். 2010-ல் பல்கலைக்கழகங்களின் முழுநேர ஆசிரியர்கள் 1.74 லட்சம், அவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கு. 2022-ல் 1.9 லட்சம், பெண்கள் நூற்றுக்கு 26-ஐத் தாண்டினார்கள். ஆண்களை மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால் 2010-ல் சுமார் 1.39 லட்சம், 2015-ல் 1.4 லட்சம், 2020-ல் 1.4 லட்சம், 2022-லும் அதே 1.4 லட்சம். கூடிய இடங்கள் பெண்களுக்குப் போயின. இருந்த இடங்கள் ஆண்களிடமே இருந்தன.

ஒன்று வேகமாக விரியும் இளைய நாட்டின் கல்விமுறை, மற்றொன்று சுருங்கிவரும் முதிய நாட்டின் கல்விமுறை. ஜப்பானில் பதினெட்டு வயது நிரம்புவோர் 1992-ல் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். இன்று அதில் பாதியை ஒட்டியே இருக்கிறார்கள். 2023-ல் தனியார் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேற்பட்டவை முதலாண்டு இடங்களை நிரப்ப முடியாமல் தவித்தன. இந்தியாவிலோ 2021-22-ல் உயர்கல்வியில் 4.33 கோடிப் பேர் படித்தார்கள். இவ்வளவு வேறுபட்ட இரண்டு இடங்களிலும் ஆண்களின் எண் ஒரே இடத்தில் நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அது ஒரு கேள்வியை எழுப்பிவிடுகிறது: புதிதாகப் பெண்களுக்குக் கிடைத்த அந்த இடங்கள் எப்படிப்பட்டவை?

இந்தியாவில் ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் உதவிப் பேராசிரியர் நிலையில் இருக்கிறார்கள். பெண்களின் சேர்க்கை மிகுதியும் இந்த நிலையிலும் இதற்குக் கீழும்தான். டியூட்டர், செய்முறை விளக்குநர் நிலையில் பெண்களே ஆண்களைவிட அதிகம். பேராசிரியர் நிலைக்கு ஏறினால் 100 ஆண்களுக்கு 40 பெண்கள்கூட இல்லை. அதாவது இந்தியப் பேராசிரியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஆண்களின் பங்கு நூற்றுக்கு 70-ஐத் தாண்டுகிறது. ஜப்பானின் மொத்த முழுநேர ஆசிரியர்களில் ஆண்களின் பங்கை ஒட்டி வந்துவிடுகிறது. ஜப்பானிலும் இதே ஏணிதான். மிகக் கீழே உள்ள உதவியாளர் நிலையில் பெண்கள் பாதிக்கு மேல். உதவிப் பேராசிரியர் நிலையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறார்கள். இணைப் பேராசிரியர் நிலையில் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறார்கள். பேராசிரியர்களில் 2022-ல் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

அடித்தட்டின் சம்பளம் என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதியக் குழு விதிப்படி நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 57,700, படிகள் தனி. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு ரூ. 1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ. 50,000 தரலாம் என்று அதே குழு 2019-ல் வழிகாட்டியது. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் பெற்றது நெடுநாள் அதில் பாதிக்கும் கீழே. அதுவும் ஆண்டு முழுவதும் அல்ல. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு மானியக் குழு சொன்ன தொகையைத் தரச் சொல்ல வேண்டியிருந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் நிலை இதைவிட மோசம் என்பது அந்தக் கல்லூரிகளில் படித்த எவருக்கும் தெரியும். கணவரின் சம்பளம் இருக்கிறதே, இது கூடுதல்தானே என்று பெண்களிடமும், அனுபவத்துக்காக இருந்துவிட்டுப் போங்கள் என்று ஆண்களிடமும் சொல்லப்படுகிறது. குடும்பத்தைத் தாங்கியாக வேண்டும் என்று வளர்க்கப்பட்ட ஆண் இந்த வேலையைவிட்டு வேறு வழி தேடுகிறார். உள்ளூரிலேயே இருந்தாக வேண்டிய பெண் அதே வேலையில் தங்கிவிடுகிறார். பெண்களின் பங்கு உயர்ந்ததில் இந்தக் கதைக்கும் ஒரு பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

பழைய கதவுகள்

இன்றைய வேறுபாட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. இந்த இடத்தில் சற்று நிதானமாக நிற்கவேண்டும்; பெண்கள் கல்வியில் ஜப்பான் எப்போதுமே இந்தியாவை முந்தியிருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கடம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் பட்டம் பெற்றது 1883-ல். சந்திரமுகி பாசு பின்னர் பெத்தூன் கல்லூரியின் முதல்வரானார். ஜப்பானில் ஒரு பெண் பல்கலைக்கழக வாசலை மிதிக்க அதன்பின் முப்பது ஆண்டுகள் ஆயின. 1913-ல் தோகோகு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் குரோதா சிகா, தாங்கே உமே, மாகிதா ராகு என்ற மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இதென்ன புதிய வழக்கம் என்று கேட்டுக் கல்வி அமைச்சகமே கடிதம் எழுதியது. தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் பெண் மாணவர்களைச் சேர்த்தது போருக்குப் பிறகு, 1946-ல்தான். சுதா உமேகோ 1900-ல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி போன்ற பெண்கள் நிறுவனங்கள் தரத்தில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் 1948 வரை பல்கலைக்கழகம் என்ற சட்டத் தகுதியைப் பெறவில்லை.

இரண்டு தாவரவியலாளர்களின் வாழ்க்கை இந்த வேறுபாட்டை நன்றாக விளக்கும். யாசுயி கோனோ 1927-ல் ஜப்பானில் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 1914-ல் அவரை மேற்படிப்புக்கு அமெரிக்காவுக்கு அனுப்பிய அரசு, அறிவியலோடு வீட்டியலையும் படிக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டது. திரும்பி வந்தவர் பேராசிரியரானது தோக்கியோ பெண்கள் உயர் ஆசிரியர் பள்ளியில். தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார், திரும்பியதும் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். இருவரும் செல்லியல் படித்தவர்கள், இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். ஒருவருக்குப் பெண்கள் நிறுவனத்தின் கதவு மட்டும் திறந்தது. மற்றவருக்கு அதற்கு அப்பாலும் ஒரு கதவு சில காலம் திறந்தது.

இந்தியாவில் பெண் ஆசிரியர் என்ற வேலை உருவான விதமே தனி. ஆணோடு உட்கார்ந்து படிக்கப் பெண்ணை அனுப்பமாட்டோம் என்ற சமூகத்துக்காகப் பெண்கள் கல்லூரிகள் எழுந்தன: பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி, சென்னையில் 1914-ல் ராணி மேரிக் கல்லூரி, 1915-ல் பெண்கள் கிறித்துவக் கல்லூரி, 1948-ல் மதுரையில் லேடி டோக் கல்லூரி. பெண்களுக்கு மட்டுமான கல்லூரி என்றால் பாடம் சொல்லித் தரவும் பெண் வேண்டும். பிரித்துவைக்கும் வழக்கமே படித்த பெண்ணுக்கு ஒரு வேலையை உண்டாக்கியது. 2020-21 கணக்கின்படி நாட்டில் பெண்களுக்கு மட்டுமான கல்லூரிகள் 4,375. ஜப்பானில் பெண்கள் பல்கலைக்கழகங்கள் 1998-ல் 98 என்ற உச்சத்தைத் தொட்டு, பின் தேய்ந்து எழுபதை ஒட்டி வந்துவிட்டன. இந்தத் தேய்வின் நடுவிலும் நாரா பெண்கள் பல்கலைக்கழகம் 2022-ல் பொறியியல் புலம் ஒன்றைத் திறந்தது. பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் புலம் வந்தது ஜப்பானில் அதுவே முதல்முறை.

பீகாரும் அரியானாவும்

இந்தியா என்று ஒற்றை எண்ணாகப் பேசுவதே தவறு என்பதை மாநிலக் கணக்கு சொல்கிறது. 2018-19-ல் பீகாரில் ஆசிரியர்களில் 79 விழுக்காட்டினர் ஆண்கள். ஜப்பானைவிட அதிகம். ஜார்க்கண்டில் சுமார் 70 விழுக்காடு. கேரளம், பஞ்சாப், அரியானா, தில்லி, கோவா, மேகாலயா, நாகாலாந்து ஆகிய இடங்களிலோ பெண் ஆசிரியர்கள் ஆண்களைவிட அதிகம். கேரளத்தையும் மேகாலயத்தையும் பார்த்து யாரும் வியக்கமாட்டார்கள். அரியானா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகள் என்று நாட்டிலேயே மிகக் கீழே நின்ற மாநிலம் அரியானா. பெண் கருவை அழித்த மாநிலத்தின் கல்லூரிகளில் பெண் ஆசிரியர்கள் பெரும்பான்மை. ஆண் ஆசிரியர்களின் பங்கு குறைவாக இருப்பதை ஒரு சமூகத்தின் பெண் விடுதலைக்கு அளவுகோலாக வைப்பவர்கள் இந்த ஓர் எண்ணை வைத்துத் தங்கள் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நிலமும் தொழிலும் இராணுவமும் ஆண்களுக்கு என்று பிரித்துவைத்த சமூகம், வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரி வேலையைப் பெண்ணுக்கு ஏற்றதென்று ஒதுக்கியதாகவும் இதை வாசிக்கலாம். பீகாரின் 79 விழுக்காட்டை வேறுவிதமாக வாசிக்க வேண்டும். அங்கே கல்லூரி ஆசிரியர் பணி இன்னும் மதிப்பும் அரசுச் சம்பளமும் கொண்ட அரிய வேலை. பெண் கல்வியும் தாமதமாக வந்தது. வேலை அரிதாகவும் மதிப்பாகவும் இருக்கும் இடத்தில் ஆண்கள் நிறைந்திருக்கிறார்கள்.

ஆண்கள் என்று பேசும்போது எந்த ஆண்கள் என்றும் கேட்டாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 16.6. உயர்கல்வி ஆசிரியர்களில் அவர்கள் நூற்றுக்கு 9 அளவில்தான். அந்த 9 லட்சம் ஆண்களும் ஒரே ஏணியில் நிற்கவில்லை.

உச்சியில் ஒன்றுபோல்

ஆய்வும் நிதியும் குவிந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போவோம். ஐ.ஐ.டி.களில் பெண் ஆசிரியர்கள் பத்தில் ஒருவர், அல்லது அதைச் சற்றே தாண்டிய அளவு. இந்தியாவின் அறிவியல், தொழில்நுட்ப ஆசிரியர்களில் பெண்களை எண்ணிவரும் பயஸ்வாட்ச்இந்தியா என்ற தன்னார்வ முயற்சி, தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பார்த்து, ஆறில் ஒருவரே பெண் என்று கண்டது. தோக்கியோ பல்கலைக்கழகத்திலும் 2022-ல் பெண் ஆசிரியர்களின் பங்கு சுமார் 16 விழுக்காடு. அதுவும் ஆறில் ஒன்றுதான். நாட்டுச் சராசரியில் 57-க்கும் 73-க்கும் இடையே இருந்த தூரம் இங்கே மறைந்துவிடுகிறது. இரண்டு இடங்களிலும் ஆறு பேரில் ஐவர் ஆண்கள்.

தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை என்ற விளக்கம் ஜப்பானில் ஓரளவு எடுபடும். அங்கே முனைவர் பட்ட மாணவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. பொறியியல் இளநிலை மாணவர்களில் ஆறில் ஒன்று. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களில் ஐந்தில் ஒன்று. அந்தக் குறைவுகூட இயல்பாக நேர்ந்ததில்லை. தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் பெண்களின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைப் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டுக் குறைத்துவந்தது 2018-ல் அம்பலமானது. நாளைய மருத்துவப் பேராசிரியராக இருக்க வேண்டியவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இந்தியாவில் இந்த விளக்கத்துக்கு இடமே இல்லை. 2021-22-ல் இளநிலை முதல் ஆய்வு வரை அறிவியல் படித்த 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள். முனைவர் பட்டப் படிப்பில் பதிவு செய்த 2.13 லட்சம் பேரில் 99,000 பேர் பெண்கள், அதாவது நூற்றுக்கு 46. இவ்வளவு பேர் ஆய்வகத்தில் உழைத்து முடித்த பின் பெரிய நிறுவனங்களின் ஆசிரியர் பட்டியலில் ஆறில் ஒன்றாகச் சுருங்குகிறார்கள் என்றால், இடையில் தேர்வுக் குழுவும், வயது வரம்பும், திருமணமும் பிள்ளைப்பேறும், கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைக்காத நிலையும் இருக்கின்றன. இந்தியாவின் இழப்பு ஜப்பானின் இழப்பைவிடப் பெரிது என்று நான் சொல்வது இதனால்தான். அங்கே பல பெண்கள் அந்தப் பாதையிலேயே நுழையவில்லை. இங்கே பாதையை முழுவதும் நடந்து வந்தவர்கள் கடைசிக் கதவின் முன் நிறுத்தப்படுகிறார்கள்.

செய்யப்பட்டவை

ஜப்பானில் பெண்களுக்கு மட்டும் என்று அறிவித்து ஆசிரியர் பணியிடம் நிரப்பும் வழக்கம் மெல்லப் பரவிவருகிறது. 2012-ல் கியூஷு பல்கலைக்கழகம் கணிதத்தில் பெண்களுக்கு மட்டுமான இணைப் பேராசிரியர் பணியிடத்தை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. பத்து ஆண்டுகளில் காற்று மாறியது. 2022-ல் தோக்கியோ பல்கலைக்கழகம், 2027-க்குள் சுமார் 300 பெண்களைப் பேராசிரியராகவும் இணைப் பேராசிரியராகவும் சேர்த்து, பெண்களின் பங்கைக் கால் பங்காக்குவோம் என்று அறிவித்தது. ஆனால் அதே ஜப்பானில் தேசியப் பல்கலைக்கழகங்கள் 2004-ல் தனி நிறுவனங்களாக்கப்பட்ட பின், அரசு மானியம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்ற கணக்கில் குறைக்கப்பட்டுவந்தது. நிரந்தர இடங்கள் சுருங்கி, காலவரையறை ஒப்பந்தங்கள் பெருகின. பத்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றினால் நிரந்தரம் கோரலாம் என்ற சட்ட உரிமை ஆய்வாளர்களுக்கு முதன்முதலாகப் பலிக்கவிருந்த 2023-ல், அதற்கு முன்பே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட நிறுவனங்கள் உண்டு. இளையவர்களில்தான் பெண்கள் அதிகம் என்பதால் அந்த வெட்டும் அவர்கள்மேல்தான் அதிகம் விழும்.

இந்தியாவில் ஆசிரியர் நியமனத்தில் பெண்களுக்கென்று நாடு தழுவிய ஒதுக்கீடு இல்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 1989 முதல் 30 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கியது. 2021-ல் அதை 40 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அரசுக் கல்லூரி ஆசிரியர் நியமனத்துக்கும் அது பொருந்தும்; நியமனம் நடந்தால். ஆண்டுக்கணக்கில் நிரந்தர நியமனம் நடக்காமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு துறைகளை ஓட்டும்போது, எத்தனை விழுக்காடு ஒதுக்கினாலும் அது தாளில்தான் இருக்கும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-ல் கதி என்ற பெயரில், நிறுவனங்கள் தங்கள் பாலின நிலையைத் தாங்களே மதிப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2023-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரீத்தி அகாலயம் அதன் சான்சிபார் வளாகத்தின் இயக்குநரானார். 1951-ல் கரக்பூரில் தொடங்கிய ஐ.ஐ.டி.களின் வரலாற்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். ஜப்பானின் தேசியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஒரு பெண் முதன்முதலாகத் தலைவரானது 1997-ல், நாரா பெண்கள் பல்கலைக்கழகத்தில். தோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு இதுவரை ஒரு பெண்கூடத் தலைவராக வந்ததில்லை.

இரு நாடுகளையும் இனி ஒப்பிட விரும்புபவர்கள் ஆண் ஆசிரியர்களின் மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்வேன். பதவி நிலை, பணி நிரந்தரம், சம்பளம் ஆகிய மூன்றையும் பாலினத்தோடு இணைத்து அடுக்க வேண்டும். இந்தியாவுக்கு மாநிலமும் சாதியும் அதனோடு சேரவேண்டும். ஜப்பானுக்கு, பகுதிநேர ஆசிரியர்களின் அந்த 2 லட்சம் தலைகளுக்குப் பின்னால் உண்மையில் எத்தனை ஆட்கள் என்ற கணக்கு சேரவேண்டும். பாலினம் ஏற்கெனவே எழுதப்படுகிறது. நிரந்தரமா, தொகுப்பூதியமா, மணிக்கணக்கா என்பதை ஒவ்வொரு கல்லூரியும் சம்பளப் பதிவேட்டிலிருந்து ஒரே நாளில் எடுத்துத் தந்துவிட முடியும்.